ஒரு முழத் தூரத்துக்கு ஒரு கண்ணாடி

வாசகர் கேள்வி: எனக்கு வயது 61. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலத்தில் படிக்க முடியாமல் போன நூல்களையெல்லாம் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு இப்போது படித்து வருகிறேன். தற்சமயம் படிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பழைய அச்சுப் பக்கங்களை அப்படியே படம்பிடித்த பி.டி.எஃப். கோப்பு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்தபடி இரண்டு, மூன்று மணி நேரம் படிப்பேன். அரை மணி நேரத்திலேயே கண் எரிகிறது, நீர் வடிகிறது, எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. புருவத்துக்கு மேலே ஒரு பாரம். காலையில் எழுந்தால் பிடரியில் வலி. ஆறு மாதங்களுக்கு முன்பு நீல ஒளித் தடுப்புப் பூச்சுடன் புரோகிரசிவ் கண்ணாடி வாங்கினேன், பலன் தெரியவில்லை. மாப்பிள்ளை கிண்டில் வாங்கித் தருகிறேன் என்கிறார். என் மனைவியோ படிப்பதையே நிறுத்தச் சொல்கிறாள். திரை என் கண்ணைக் கெடுத்துவிட்டதா? பின்னணியைக் கறுப்பாக்கிக்கொண்டு படிக்கலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடிட்டது திரையைப் பற்றிய வரியை அல்ல. "கட்டிலில் சாய்ந்தபடி" என்ற இரண்டு சொற்களைத்தான். அதற்கடுத்துக் கோடிட்ட சொல் "புரோகிரசிவ்". கடலூர் மஞ்சக்குப்பத்தில் கண் பரிசோதனை செய்து கண்ணாடிக்கு அளவு கொடுக்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்த இடத்தில் கண் வலியும் பிடரி வலியும் இல்லாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

புரோகிரசிவ் கண்ணாடியின் மேற்பகுதி தொலைவுக்கும், நடுப்பகுதி இடைத் தூரத்துக்கும், அடிப்பகுதி படிப்பதற்கும் என்று படிப்படியாக இழைத்துச் செய்யப்பட்டது. நாற்காலியில் நேராக உட்கார்ந்து மடியிலோ மேசையிலோ புத்தகத்தை வைத்துக் குனிந்து பார்க்கும் மனிதரை மனத்தில் வைத்துத்தான் அதன் அடிப்பகுதியில் படிக்கும் பவர் வைக்கப்பட்டிருக்கிறது. தலையணையில் சாய்ந்து கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடிக்கும்போது பார்வை அந்த அடிப்பகுதிக்கு வருவதே இல்லை. தெருக்கோடியைப் பார்க்க வேண்டிய மேற்பகுதி வழியாக நீங்கள் அச்செழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுத்து மங்கும், மங்கியதும், தங்களுக்கே தெரியாமல், மோவாயைத் தூக்கிக் கண்ணாடியின் அடிப்பகுதிக்குள் எழுத்தைக் கொண்டுவரப் பார்ப்பீர்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்த அந்த நிலையில் இரண்டு மணி நேரம் இருந்தால் மறுநாள் காலையில் பிடரி வலிக்காமல் என்ன செய்யும்? தைலம் தேய்த்தால் அன்றைக்கு மட்டும் சுகமாக இருக்கும். இரவு மறுபடியும் அதே கட்டில், அதே மோவாய்.

ஆகவே, கண்ணைத் திரை கெடுத்துவிட்டதா என்ற தங்கள் முதல் கேள்விக்கு இல்லை என்பதே என் பதில். தங்கள் கண்ணைத் தளர வைப்பது பெரும்பாலும் தூரம், எழுத்தின் அளவு, இமைக்காமை ஆகிய மூன்றுமே. அச்சுப் புத்தகத்தை இதே நிலையில், இதே கண்ணாடியோடு, இதே பொடி எழுத்தில் படித்தாலும் ஏறக்குறைய இதே தொல்லைதான் வந்திருக்கும்.

தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்காகவே சொல்கிறேன்; ஆசிரியரான தங்களுக்கு அது சலிக்காது என்று நம்புகிறேன். 100 என்ற எண்ணைப் பொருள் இருக்கும் தூரத்தால், சென்டிமீட்டரில், வகுத்தால் வரும் விடைதான் அந்தத் தூரத்தில் தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்குத் தேவையான கூடுதல் பவர். பவரின் அலகு டயாப்டர். 40 செ.மீ. தூரத்துக்கு 2.5 டயாப்டர், 25 செ.மீ. தூரத்துக்கு 4 டயாப்டர். பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) 10 டயாப்டருக்கு மேலேயே தானாகக் குவியும் சக்தி கொண்டது. அதனால்தான் பேரப்பிள்ளைகள் மூக்கின் நுனியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். நாற்பது வயதுக்குப் பிறகு வில்லை இறுகி, அறுபதில் அந்தச் சக்தி ஏறத்தாழ ஒரு டயாப்டராகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிவிடும். மீதியைக் கண்ணாடிதான் கொடுக்க வேண்டும். தங்கள் கண்ணாடிச் சீட்டில் "ஆட்" (Add, படிக்கச் சேர்க்கும் பவர்) என்று குறித்து அதன் நேரே +2.25 அல்லது +2.50 என்று எழுதியிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். அது ஏறக்குறைய 40 செ.மீ. தூரத்துக்கான அளவு. எழுத்து பொடியாக இருக்கிறதே என்று கைப்பேசியை 25 செ.மீ. வரை கிட்டே கொண்டுவந்தால், அந்தக் கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகவே பார்த்தாலும் பவர் போதாது. போதாத அந்தப் பங்கை ஈடுகட்டக் கண்ணும் புருவமும் படும் பாடுதான் தாங்கள் சொல்லும் பாரம்.

இந்த விஷயத்தில் நானும் தவறு செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கணக்கருக்கு, வழக்கம்போல 40 செ.மீ. தூரத்தில் எழுத்துப் பலகையைப் பிடிக்கச் சொல்லி, இரட்டை வில்லைக் (பைஃபோகல்) கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தேன். பலகையில் இருந்த மிகச் சிறிய எழுத்தையும் கடகடவென்று வாசித்துவிட்டுப் போனவர், தலைவலி என்று மூன்று முறை திரும்பி வந்தார். மூன்றாவது முறைதான் எனக்குக் கேட்கத் தோன்றியது: அவருடைய கணினித் திரை அவருடைய நாற்காலியிலிருந்து 65 செ.மீ. தூரத்தில் இருந்தது. அந்தத் தூரத்துக்கு ஒன்றரை டயாப்டர் போதும். நான் கொடுத்தது படிக்கும் பலகைக்கான கண்ணாடியே தவிர அவருடைய வேலைக்கான கண்ணாடி அல்ல. அன்றிலிருந்து தையற்காரரின் இஞ்சு டேப் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வருபவர்களிடம் அவரவர் கைப்பேசியைக் கொடுத்து, வீட்டில் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடியுங்கள் என்று சொல்லி அளந்த பிறகே சீட்டு எழுதுகிறேன்.

தங்களுக்கு டேப் தேவையில்லை, முழம் இருக்கிறது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம், சுமார் 45 செ.மீ.; விரலை மடக்கிக் கணு வரை அளந்தால் 40 செ.மீ.க்குச் சற்று முன்பின்னாக வரும். மடக்கிய விரலைக் கன்னத்தில் வைத்து, முழங்கை எட்டும் இடத்தில் நூலையோ திரையையோ வைத்தால் அதுவே படிக்கும் தூரம். (பூக்காரம்மாவின் முழம் நாளுக்கு நாள் குறைவதுபோல, களைப்பு ஏற ஏறப் படிப்பவரின் முழமும் குறைந்துகொண்டே வரும், இடையிடையே அளந்து பார்ப்பது நல்லது.)

ஆகவே முதல் செலவு கிண்டிலுக்கு வேண்டாம். அந்த ஒரு முழத் தூரத்துக்கென்று, படிப்பதற்கு மட்டுமான ஒற்றைப் பார்வைக் கண்ணாடி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். வில்லையின் எந்தப் பகுதி வழியாகப் பார்த்தாலும் ஒரே பவர்தான். சாய்ந்தாலும் நிமிர்ந்தாலும் மோவாயைத் தூக்க வேண்டியதில்லை. புரோகிரசிவ் கண்ணாடிக்குக் கொடுத்த விலையில் சிறு பங்குதான் ஆகும். அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, படிக்கட்டு இறங்கவே கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். தொலைவு மங்கலாகத்தான் தெரியும். கடையில் தொங்கும் ஆயத்தப் பிளஸ் கண்ணாடி போதாதா என்று கேட்பீர்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவராக இருந்து, சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் தேவைப்படும் பவர்) இல்லாமலும் இருந்தால் அவசரத்துக்கு உதவும். நாள்தோறும் மூன்று மணி நேரம் படிப்பவருக்குப் போதாது.

அடுத்தது எழுத்தின் அளவு. ஒரு வழக்கமான டெம்மி அளவு நூலின் பக்கம் 14 செ.மீ. அகலம் இருக்கும். கைப்பேசித் திரையின் அகலம் சுமார் 7 செ.மீ. முழுப் பக்கமும் தெரியும்படி வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் பாதியாகச் சுருங்கும். 12 புள்ளி (பாயிண்ட்) எழுத்து 6 புள்ளியாகிவிடும், செய்தித்தாளில் வரும் எழுத்தைவிடப் பொடி. ஏ4 தாளில் உள்ள கோப்பு என்றால் மூன்றில் ஒரு பங்காகி 4 புள்ளிக்கு வந்து நிற்கும். ஓர் எழுத்தைச் சிரமப்பட்டு அடையாளம் காண்பது வேறு, அதே அளவில் மணிக்கணக்கில் படிப்பது வேறு. சுகமாகப் படிக்க வேண்டுமானால், தங்களால் வாசிக்க முடிகிற மிகச் சிறிய எழுத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்காவது எழுத்து இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழகிய கணக்கு.

தமிழ் எழுத்துக்கு இந்தச் சுருக்கம் இன்னும் பாதகமானது. க-வுக்கும் க்-குக்கும் இடையே இருப்பது ஒரு புள்ளி. ன-வுக்கும் ண-வுக்கும் இடையே ஒரு சுழி. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இடையே ஒரு வளைவு. தாங்கள் படிப்பது பழைய அச்சு என்பதால், 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய வடிவங்கள் அதில் இருக்கும். துதிக்கை போட்ட லகர ஐகாரமும் (லை) னகர ஐகாரமும் (னை) சுழித்து ஒட்டிய றாவும் 6 புள்ளியில் மசிக்கறைபோல ஆகிவிடும். பல ஆண்டு தமிழ் கற்பித்த அனுபவத்தில் இது "வந்தான்", இது "வந்தாள்" என்று ஊகித்துக்கொண்டு போவீர்கள். ஊகிக்க முடியாத பெயரோ பிரெஞ்சுச் சொல்லோ வரும் ஒவ்வோர் இடத்திலும் கண் தயங்கி நின்று கிட்டே போகும். 1736 முதல் 1761 வரையிலான குறிப்பில் அப்படிப்பட்ட இடங்களுக்கா பஞ்சம்?

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கைப்பேசியைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். அதன் நீளப் பக்கம் சுமார் 15 செ.மீ.; 14 செ.மீ. அகலமுள்ள பக்கம் அதில் அச்சில் இருந்த அதே அளவில் தெரியும். ஓரத்து வெற்றிடத்தை வெட்டிக் காட்டும் வசதி பெரும்பாலான பி.டி.எஃப். வாசிப்புச் செயலிகளில் இருக்கிறது. அதையும் போட்டால் அச்சைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க இரண்டு, மூன்று முறை தள்ள வேண்டியிருக்கும். விரலுக்குத்தான் அந்த வேலை, கண்ணுக்கு இல்லை. தள்ளும்போது எழுத்து ஓடிக்கொண்டிருக்கையில் படிக்காதீர்கள். ஒரே தள்ளில் ஒரு திரை அளவு நகர்த்தி, நின்ற பிறகு படியுங்கள். நகரும் வரியைத் துரத்திப் பிடிப்பது கண்ணைக் களைக்கச் செய்வதில் முதலிடம் பெறத்தக்கது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பேருந்தில் குலுங்கிக்கொண்டே படிப்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்: வண்டி ஓடும்போது காதால் கேளுங்கள், நின்ற இடத்தில் கண்ணால் படியுங்கள்.

இப்போது மாப்பிள்ளையின் கிண்டிலுக்கு வருவோம். அந்த வகைக் கருவிகளில் இருப்பது மின்மை என்று சொல்லத்தக்க இ-இங்க் திரை. கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றும்போது ஏதாவது ஒன்று மேலே வந்து எழுத்தாகவோ வெற்றிடமாகவோ நிற்கிறது. அறை வெளிச்சம் அதன் மேல் பட்டுத் தாளைப் போலத் திரும்பி வருகிறது. ஆகவே நல்ல வெயில் வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்தும் படிக்கலாம். கைப்பேசித் திரையில் அது முடியாது. இருட்டில் படிக்க உதவும் விளக்கும் இப்போது வரும் கருவிகளில் பின்னாலிருந்து கண்ணை நோக்கி ஒளிராமல், ஓரத்திலிருந்து திரையின் மேல் பரவும்படியே அமைந்திருக்கிறது. கருவி நல்ல கருவிதான். 2016-ஆம் ஆண்டிலிருந்து கிண்டிலில் தமிழ் நூல்களும் விற்பனைக்கு உண்டு.

ஆனால் தங்கள் நூல் எது என்பதில்தான் சிக்கல். ஆறு அங்குலக் கருவியின் திரை அகலம் 9 செ.மீ. அளவுக்குத்தான் இருக்கும், படம்பிடித்த பக்கத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்க அதனால் முடியாது. பக்கத்தையே பெரிதாக்கி நகர்த்த வேண்டும். இ-இங்க் திரையில் அந்த நகர்த்தல் மெதுவாக, சிமிட்டிச் சிமிட்டி நடக்கும். ஆசையாக வாங்கி, பழைய பி.டி.எஃப். நூலை ஏற்றிப் பார்த்துவிட்டுப் பத்து நாளில் அலமாரிக்குள் வைத்துவிட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். படமாக இல்லாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்யப்பட்ட ஈபப் போன்ற கோப்பு என்றால் கதையே வேறு: எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், வரி தானாக மடிந்துகொள்ளும். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் சங்க நூல்களிலிருந்து அண்மைக்கால உரைநடை வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் கோப்போடு ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பி.டி.எஃப். கோப்பும் கிடைக்கிறது. அப்படிப்பட்ட நூல்களையே தாங்கள் பெரும்பாலும் படிப்பதாக இருந்தால் மாப்பிள்ளையின் அன்பைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ளவைபோன்ற, படம்பிடித்த பழம்பதிப்புகளே தங்கள் விருப்பம் என்றால், அதே பணத்துக்குப் பத்து அங்குல டேப்லெட் ஒன்றைக் கேளுங்கள். அதை நிமிர்த்திப் பிடித்தாலே டெம்மி பக்கம் முழு அளவில் தெரியும். டேப்லெட் கனமானது என்பதால் அதைத் தாங்க ஒரு நிறுத்தியும் தேவைப்படும். புத்தகத்தை விரித்து வைக்கும் நம் வீட்டுச் சிக்குப்பலகையும் போதும்.

ஈபப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் மொழியில் சொற்கள் நீளமானவை. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். இரு ஓரமும் சமமாக நிற்கும்படி வைத்திருந்தால் சொற்களுக்கிடையே பெரிய பள்ளங்கள் விழுந்து கண் தடுக்கும். அமைப்பில் இடப்பக்கம் மட்டும் சீராக்கி, வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள். மேற்கொம்பும் கீழ்க்கொக்கியும் இடித்துக்கொள்ளாமல் இருக்கும்.

கண் எரிச்சலும் நீர் வடிதலும் மூன்றாவது காரணத்தால் வருபவை. சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையில் ஆழ்ந்து படிக்கும்போது அது 5, 6, 7 என்று குறைந்துவிடுகிறது. தாளில் ஆழ்ந்து படிக்கும்போதும் குறையத்தான் செய்யும். என் அறையில் வருபவர்களிடம் அவர்களுடைய கைப்பேசியில் எதையாவது படிக்கச் சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நான் பேசாமல் எண்ணுவேன். போன வாரம் ஒரு பெரியவர் ஒரு நிமிடத்தில் நான்கு முறை இமைத்தார். அந்த நான்கிலும் இரண்டு முறை மேலிமை கருவிழியின் பாதி வரை இறங்கிவிட்டுத் திரும்பிவிட்டது. அரைகுறையாக இமைத்தால் கருவிழியின் கீழ்ப்பாதி காய்ந்துபோகும். காய்ந்த இடம் உறுத்தும். உறுத்தியதும் கண் அவசரமாகத் தண்ணீரைக் கொட்டும். அது வெறும் தண்ணீர். கண்ணின் மேல் தங்கி நிற்கத் தேவையான எண்ணெய் அதில் இல்லை, வழிந்து கன்னத்துக்கு வந்துவிடும். நீர் வடியும் கண்ணை வறண்ட கண் என்று சொன்னால் யாரும் எளிதில் நம்புவதில்லை. அந்த எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில் உள்ள சுரப்பிகள். வயது ஏறும்போது அவை அடைபடுவது சகஜம்.

தங்கள் கட்டிலுக்கு நேர் மேலே மின்விசிறி இருக்கிறதா என்று தாங்கள் எழுதவில்லை. இந்தக் கரையோர ஊர்களின் புழுக்கத்தில் இல்லாமல் இருக்காது. மல்லாந்தோ சாய்ந்தோ படிப்பவரின் திறந்த கண்ணின் மேல் நேராக விழும் காற்றைப் போலக் கண்ணீரை உலர்த்துவது வேறில்லை. கட்டிலை ஓரடி நகர்த்துங்கள், இல்லாவிட்டால் சுவரோரத்தில் வைக்கும் விசிறிக்கு மாறிக் காற்றைக் காலுக்குத் திருப்பிவிடுங்கள். திரை கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் இமை பாதி இறங்கியே இருக்கும். காற்று படும் பரப்பும் குறையும். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் கண்ணை முழுவதுமாக மூடி, மனத்துக்குள் இரண்டு எண்ணித் திறக்கப் பழகுங்கள். காலையில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, தோல் பொறுக்கும் சூட்டில், மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் அடைபட்ட எண்ணெய் இளகும். தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டு, கண்ணீருக்கு மாற்றான சொட்டு மருந்தைப் பயன்படுத்தலாம். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விட நேர்ந்தால் பதப்படுத்தும் பொருள் (பிரிசர்வேட்டிவ்) கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். சிவப்பைப் போக்கும் மருந்தும், யாரோ ஒருவருக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டும் கூடவே கூடாது. பின்னது கண் அழுத்தத்தை ஏற்றி, பார்வை நரம்பையே கெடுத்துவிடக் கூடியது. விளக்கெண்ணெய், தேன் எதுவும் கண்ணுக்குள் விட வேண்டாம். நந்தியாவட்டைப் பூவை மூடிய இமையின் மேல் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, குளுமையாகத்தான் இருக்கும். அதன் சாற்றைப் பிழிந்து கண்ணில் விடாதவரை சரி.

கறுப்புப் பின்னணியைப் பற்றி: பலருக்கும் வெளிச்சமான பின்னணியில் கறுப்பு எழுத்துத்தான் கூர்மையாகத் தெரியும். பின்னணி கறுத்தால் கண்மணி விரியும். விரிந்தால் கண்ணில் உள்ள சிறு பவர் குறைகளும் பெரிதாகி, வெள்ளை எழுத்தின் ஓரம் கசிந்ததுபோல் இருக்கும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு இது அதிகம். கண்புரை தொடங்கி, வெள்ளைத் திரை கூசுகிறது என்பவர்களில் சிலருக்குக் கறுப்புப் பின்னணி உதவுவதும் உண்டு. கூச்சம் இருக்கிறதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். தங்கள் நூலுக்கு வேறொரு தடை இருக்கிறது: பழைய தாளின் பழுப்பும் கறையும் தலைகீழாகி ஒளிரும் திட்டுகளாகத் தெரியும். அதைவிட, விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கும் வழக்கம் இருந்தால் அதை விடுவது மேல். துணைவியார் உறங்க வேண்டுமே என்றுதான் அணைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்; தோளுக்குப் பின்னாலிருந்து திரைப்பக்கம் மட்டும் விழும் சிறு மேசைவிளக்கு போதும். திரையின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். திரை விளக்கைப்போல் ஒளிர்ந்தால் வெளிச்சம் அதிகம். தாளைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒன்றுபோல் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். சில கைப்பேசிகளின் திரை, வெளிச்சத்தை மிகக் குறைக்கும்போது வேகமாக அணைந்து அணைந்து எரிவதன் மூலமே மங்கலைக் காட்டும். அது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி தரும் என்பதால், அறையை இருட்டாக்கித் திரையைக் கடைசி வரை மங்கலாக்குவதை நான் ஊக்குவிப்பதில்லை.

நீல ஒளிப் பூச்சுக்குத் தாங்கள் கொடுத்த பணத்தைப் பற்றி வருந்த வேண்டாம். அதனால் கெடுதல் இல்லை. பலனும் இல்லை. திரையிலிருந்து வரும் நீல ஒளி, பகல் வெளிச்சத்தில் வருவதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2023-இல் வெளிவந்தது. இந்தப் பூச்சுள்ள கண்ணாடி திரையால் வரும் கண் களைப்பைக் குறைக்கிறது என்பதற்கு, குறுகிய காலப் பயன்பாட்டில், அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. என் தொழிலைச் சேர்ந்தவர்களே இதை விற்கிறோம் என்பது எனக்குத் தெரியும். கேட்டவரிடம் மறைக்க முடியாது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால், இருபது நொடி பாருங்கள் என்ற விதியைத் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல விதிதான், ஆனால் படுக்கையறைக்குள் இருபது அடி ஏது? பத்தடியில் சுவர் வந்துவிடும். படிப்பில் ஒரு மணி நேரத்தையாவது காலைக்கு மாற்றி, முற்றத்திலோ மாடியிலோ, எதிர்வீட்டுத் தென்னை மரம் தெரியும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். நேர் வெயில் திரையில் படாமல் பக்கவாட்டில் வெளிச்சம் வரட்டும். மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்ட பிறகு கடற்கரைச் சாலையில் நடக்கும் வழக்கம் இருந்தால், அந்த நேரத்தில் கைப்பேசி சட்டைப்பையிலேயே இருக்கட்டும். அடிவானத்தைப் பார்த்தபடி நடப்பதைவிடக் கண் தசைக்கு வேறு ஓய்வு கிடையாது.

எழுத்து இரண்டிரண்டாகத் தெரிவதாக எழுதியிருப்பதை மட்டும் நான் இலேசாக விட மாட்டேன். அடுத்த முறை அப்படித் தெரியும்போது ஒரு கண்ணைக் கையால் மறைத்துப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒரு கண்ணை மூடியதும் எழுத்து ஒன்றாகிவிட்டால் இரண்டு கண்களும் ஒருங்கே குவிவதில் பிசகு இருக்கிறது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். மூடிய பிறகும் நிழல்போல இரட்டித்தே தெரிந்தால் கண்ணாடி அளவோ, கண் வறட்சியோ, புரையோ காரணமாக இருக்கலாம். சர்க்கரை நோய் உண்டா என்று தாங்கள் எழுதவில்லை. இருந்தால், சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் கண்ணாடி அளவே மாறித் தெரியும். அளவு நிலைப்பட்ட பிறகே புதுக் கண்ணாடிக்குப் பரிசோதிக்க வேண்டும், விழித்திரையையும் ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் சிலவும் கண்ணை வறளச் செய்யும்; எதையாவது தொடர்ந்து எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீரென்று இரட்டையாகத் தெரிந்து மாறாமல் இருந்தாலோ, மின்னல்போல ஒளி வெட்டினாலோ, கறுப்புப் பொட்டுகள் கூட்டமாக மிதந்தாலோ, பார்வையின் ஓரத்தில் திரை விழுந்ததுபோல் இருந்தாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை.

துணைவியாரிடம் படிப்பை நிறுத்தத் தேவையில்லை என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். தாங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு நிமிடம் எதிரே உட்கார்ந்து தங்கள் இமைப்பை எண்ணச் சொல்லி, அந்த எண்ணிக்கையை ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தையல் நூலை எடுத்து, வழக்கமாகச் சாயும் நிலையில் புருவ ஓரத்துக்கும் கைப்பேசிக்கும் உள்ள தூரத்தை அவரையே அளக்கச் சொல்லி முடிச்சுப் போட்டு வையுங்கள். கண்ணாடிக்கு அளவு பார்க்க எங்கே போனாலும் அந்தச் சீட்டு, முடிச்சிட்ட நூல், பழைய கண்ணாடிச் சீட்டு, தாங்கள் படித்துக்கொண்டிருக்கும் பக்கம் திறந்தபடி கைப்பேசி ஆகிய நான்கையும் கொண்டு போங்கள். பலகையில் உள்ள எழுத்தைப் படித்துக் காட்டியதோடு எழுந்து வந்துவிடாமல், அந்தப் பக்கத்தை அந்த முடிச்சிட்ட நூலின் தூரத்தில் பிடித்து, சோதனை வில்லையோடு பத்து நிமிடமாவது படித்துப் பார்த்துவிட்டு அளவுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.